கேட்டுவிட்டு எடுப்பவர்

எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. யாரும் வைத்ததில்லை, தானாக முளைத்தது. பேராசிரியரிலிருந்து பெருக்க வருகிறவர் வரை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக்கொள்வோம். நூலகர் மட்டும் வாட்ச்மேனைத் தேடிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போவார்.

"அண்ணாத்த, ரெண்டு கொத்து எடுத்துக்கவா?"

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொள்வார். "இன்னாம்மா, தெனம் இதே பேஜாரா கீது. அது இன்னா எங்க நைனா வச்ச மரமா?"

"யாரு வச்சாங்களோ, காவலுக்கு நீதான நிக்கிற? சொல்லு, எடுக்கவா வாணாமா?"

"எடுத்துக்கம்மா, தாயி" என்று அவர் கும்பிட்ட பிறகுதான் இவர் திரும்பி வந்து ஒடிப்பார். பார்க்கிற எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் அணுசக்தி வேலை, அதனால் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், தொண்ணூறுகளில் புதிதாக முளைத்த ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கும் வேலை கிடைத்தது. நூலகர் கடப்பாக்கத்துக்காரர். கடலோர முஸ்லிம் குடும்பம், அண்ணன் மீனுக்கு ஐஸ் போடுகிற தொழில் செய்தார். இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். தினமும் காலையில் அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். புதுப்பட்டினத்தில் நான் ஏறுவேன். தலையில் முந்தானை, மடியில் துணிப்பை, பக்கத்தில் எனக்காகப் பிடித்து வைத்த இடம். அந்த இடத்தைப் பிடிப்பதற்குக்கூடப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

பஸ்ஸில் பக்கத்து ஆள் விரித்து வைத்திருக்கிற பேப்பரை எல்லோரும் எட்டிப் பார்ப்போம். அது ஒரு பிறப்புரிமை. இவர், "அண்ணே, பின்பக்கம் படிச்சுக்கவா?" என்று கேட்பார். அந்த மனிதர் திகைத்துப்போய்ப் பேப்பர் முழுவதையும் கொடுத்துவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏன் இப்படி எல்லாத்துக்கும் கேட்டுக்கிட்டே கெடக்கிய? வெக்கமா இல்லையா?"

"கேட்டா இன்னா மேடம் கொறஞ்சா பூடும்? கேட்டா அவங்களுக்கும் ஒரு மதிப்பு, நமக்கும் ஒரு மதிப்பு" என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் கிடையாது.

அவர் செய்த வேலையை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் புரிவது கஷ்டம். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். மீன்பிடிக் குப்பம், கல் உடைக்கிற குடும்பம், ஏரிக்கரை விவசாயம். பாடப்புத்தகங்கள் வெளிநாட்டு விலையில் இருந்தன. நூலகத்தில் ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரதி, அதையும் சீனியர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்கு இன்டர்நெட் வந்தது. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி மோடம் கத்தும், பிறகு ஒரு பக்கம் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற வாத்தியார்கள் தங்கள் பாடங்களை இலவசமாக அதில் போட்டு வைக்கிறார்கள் என்பதை எங்கள் கல்லூரியில் முதலில் கண்டுபிடித்தவர் இவர். கண்டுபிடித்ததோடு விட்டிருந்தால் நல்ல நூலகர் என்று சொல்லி முடித்திருப்பேன். அவர் எங்களையும் விடவில்லை.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். "இன்னா புக் வேணும்?" என்று கேட்க மாட்டார்.

"மேடம், உங்க பசங்க எந்த யூனிட்ல தூங்குறாங்க?"

"எல்லா யூனிட்லயுந்தான்."

"அப்டி சொல்லாதீங்க. ரொம்பத் தூங்குறது எது?"

சொன்னால் தொலைந்தோம். அடுத்த வாரம் நம்முடைய சிலபஸ் தாளில், ஒவ்வொரு யூனிட்டுக்கும் பக்கத்தில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டு வருவார். இந்தத் தலைப்புக்கு இந்த ஊர் வாத்தியார், இத்தனையாவது பாடம், படம் நன்றாக இருக்கிறது, கணக்கு மட்டும் நாமே போட வேண்டும். "சிலபஸுக்கு ஒத்து வராதும்மா" என்று தட்டிக் கழிக்க வழியே இருக்காது. "ஓசியில வர்றது உருப்படியா இருக்குமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "தாய்ப்பாலும் ஓசிதான் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடும் விடமாட்டார். எந்த வகுப்பில் எப்போது நடத்தப் போகிறோம் என்று கேட்டுக்கொண்டு, வகுப்புக்குள் வரலாமா என்று நம்மிடமும் கேட்டுக்கொண்டு, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார். பையன்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாடம் முடிந்ததும், "அந்த ரெண்டாவது படத்துல எல்லாரும் முழிச்சுகினாங்க மேடம். வேற தேடித் தரேன்" என்பார். மாமியார்கூட இப்படிக் கண்காணிக்க மாட்டாள்.

ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் அதன் அடிக்குத்தான் போவார். அங்கேதான் எழுதினவர், எடுத்துக்கொள்ளலாமா கூடாதா என்று போட்டிருப்பார். 'என் பேரைப் போட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று இருந்தால் இவருக்குத் தலைகால் புரியாது. "கதவத் தொறந்து வச்சிக்கிறான் மேடம், புண்ணியவான்!" என்று சிடியில் ஏற்றிவிடுவார், எழுதினவர் பேரை முதலில் போட்டு. 'கேட்காமல் எடுக்கக் கூடாது' என்று இருந்தால் மெயில் எழுதிக் கேட்பார். அதன் ஆங்கிலம் சரியா என்று என்னிடம் காட்டுவார். ரெண்டே வரிதான் இருக்கும். பாதிப் பேர் சரி என்பார்கள். சிலர் வேண்டாம் என்பார்கள். பதில் வராத பாடத்தை இவர் தொட மாட்டார்.

எங்கள் கணக்கு சாருடைய கதையைச் சொல்ல வேண்டும். அவருடைய நோட்ஸை வெளியே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரன் வருஷக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தான். சார் முனகுவார், அதோடு சரி. இவர் ஒருநாள் அவர் முன்னால் போய் நின்று, "சார், உங்க நோட்ஸை லைப்ரரி கம்ப்யூட்டர்ல போட்டுக்கவா?" என்று கேட்டார். சார் முதலில் கோபித்தார். அப்புறம் என்னிடம் வந்து, "இத்தனை வருஷத்துல என்னைக் கேட்டது அந்தம்மா ஒண்ணுதான்" என்றார். ராவெல்லாம் உட்கார்ந்து பழைய நோட்ஸைத் திருத்திப் புதிதாக எழுதிக் கொடுத்தார். அந்த வருஷம் அவர் நடை மாறிப்போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பிரின்சிபாலுக்கு அந்த இன்டர்நெட் லைன் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஆபீஸுக்கு லைன் வேண்டியிருந்தது. நூலகத்துக்கு எதற்கு என்றார். இவர் வாதாடினார். கடைசியில் பிரின்சிபால் ஒரு பந்தயம் மாதிரி வைத்தார்: ஒரு செமஸ்டர், ஒரு பேப்பர். புத்தகம் வாங்காமல் இலவசப் பாடத்தை வைத்தே நடத்தி, ரிசல்ட் வந்தால் லைன் நூலகத்தில் இருக்கும். இல்லாவிட்டால் ஆபீஸுக்குப் போய்விடும். லைன் போனால் இவருடைய வேலை போன மாதிரிதான். சம்பளம் வரும், ஆனால் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவர் தேர்ந்தெடுத்தது என் பேப்பரை. குழாயில் தண்ணீர் எப்படி ஓடும், அணையை எப்படி அழுத்தும் என்கிற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். பையன்கள் கொத்துக் கொத்தாக அரியர் வைக்கிற பேப்பர். "வேலியில போற ஓணானை எடுத்து என் மடியில விடுறீங்களே" என்றேன். "நீங்கதான் மேடம் கோவமாவாச்சும் பாடம் நடத்துறீங்க" என்றார்.

அந்தப் பாடத்துக்கு இவர் கண்டுபிடித்த ஆசிரியர் கனடாவில் இருந்தார். ஓய்வு பெற்ற கிழவர். அவருடைய கல்லூரியின் தளத்தில் அந்தப் பாடங்கள் இருந்தன. எத்தனையோ புத்தகம் பார்த்தவள் நான், சொல்கிறேன், அப்படி ஒரு பாடத்தை நான் படித்ததில்லை. முதல் பாடத்தில் ஒரு வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார். அதிலிருந்தே எல்லாம் வரும். குப்பத்துப் பையன் ஒருவன், "மேடம், முகத்துவாரத்துல தண்ணி ஏன் சுழிச்சுகினு போவுதுன்னு இப்பதான் புரியுது" என்றான். நான் உருகிப்போனேன்.

ஆனால் பக்கத்தின் அடியில், படிக்கலாம், பிரதி எடுக்க என்னைக் கேட்கவும் என்று இருந்தது. இவர் மெயில் போட்டார். பதில் இல்லை. மறுபடி போட்டார். நான்தான் ஆசிரியை என்பதால் என் மெயில் முகவரியையும் அதில் சேர்த்திருந்தார். அதற்கும் இல்லை. பதில் வரும்வரை பிரதி கிடையாது என்று சொல்லிவிட்டு, நூலகத்தில் இருந்த கம்ப்யூட்டர்களுக்கு முறை போட்டார். நாஸ்தா நேரம், லஞ்ச் நேரம், பஸ் வருகிற வரைக்கும் என்று பிள்ளைகள் வரிசையாக வந்து திரையில் படித்துவிட்டுப் போனார்கள். இவர் மதியச் சாப்பாட்டை மறந்து மோடத்துக்குக் காவல் இருந்தார்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அந்தப் பக்கம் காணாமல் போய்விட்டது. திறந்தால் வெறும் வெள்ளைத் திரை, இப்படி ஒரு பக்கம் இல்லை என்று ஒரே வரி. லைன் கோளாறு என்று நினைத்தோம். மறுநாளும் அதே. இன்னும் ரெண்டு யூனிட் பாக்கி இருந்தது. பிள்ளைகள் கையில் புத்தகமும் இல்லை, ஒரு தாளும் இல்லை.

அப்போது வகுப்பில் கூடுவாஞ்சேரிப் பெண் ஒருத்தி ஒரு சிடியோடு வந்தாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் முன்பே இறக்கி வைத்திருந்தாளாம். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சிடியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன்.

இவர் அதைத் தொடவே இல்லை. "அவரு சரின்னு சொல்லலியே மேடம்."

"பக்கமே போயிட்டு! இனிமே எங்க சொல்லப் போறாரு? கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையுறீங்களே! நம்ம பிள்ளைங்க நெலமையப் பாருங்க."

"பாத்துகினுதான் கீறேன். வயிறு எரியுது மேடம்." கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவருக்கு. "நீங்க நடத்துங்க. நான் தடுக்கமாட்டேன். என் கையால காப்பி போட்டுத் தர மட்டும் என்னால ஆவாது."

நான் நடத்தினேன். இன்றைக்குக் கேட்டாலும் அது சரி என்றுதான் சொல்வேன். அறுபது பிள்ளைகளின் வாழ்க்கை ஒரு பக்கம், பதில் போடாத கிழவர் ஒரு பக்கம் என்றால் எனக்கு யோசிக்க நேரம் தேவையில்லை. இவர் அந்த வகுப்புகளுக்கு வரவில்லை. கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

ரிசல்ட் வந்தது. அந்தப் பேப்பரில் எங்கள் கல்லூரி அதுவரை பார்க்காத ரிசல்ட். பிரின்சிபால் கூட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் இவரைப் பாராட்டினார். லைன் நூலகத்திலேயே இருக்கட்டும், இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் தருகிறேன் என்றார். கைதட்டினோம். இவர் எழுந்து நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன், உட்காருங்க என்று.

"சார், என் வழியில ரிசல்ட் வரல. நடுவுல சைட்டு போய்டுச்சு. கடைசி ரெண்டு யூனிட்டு, எழுதனவரைக் கேக்காத காப்பியில நடத்துனது. நான் சொன்னது தோத்துப்போச்சு சார். அதைச் சொல்லாம லைனை வாங்கிக்க எனக்கு மனசு வரல."

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. அவர் கணக்கு எளிமையானது. ஒரு மாணவி ஒரு சிடியில் செய்கிற வேலைக்கு ஒரு லைன் எதற்கு, ஒரு ஆள் எதற்கு? அந்த மாதமே லைன் ஆபீஸுக்குப் போய்விட்டது. நான் பஸ்ஸில் அவரோடு பேசவில்லை. பிறகு பொறுக்காமல், "தவளை தன் வாயால கெட்ட கதையால்லா ஆயிட்டு! உங்கள யாராவது கேட்டாங்களா?" என்று கத்தினேன். "கேக்காததாலதான மேடம் நானே சொன்னேன்" என்றார். அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டுக் கடப்பாக்கத்தோடு இருந்துவிட்டார். சர்க்கரை வியாதி, பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது.

சில வருஷம் கழித்து எனக்குக் கனடாவிலிருந்து ஒரு மெயில் வந்தது. அந்தப் பேராசிரியரின் மகள். அப்பா இறந்துவிட்டார், அவருடைய பழைய கணக்கில் உங்கள் நூலகர் எழுதின மெயில்களைப் பார்த்தேன், அவரோடு பேச முடியுமா என்று கேட்டிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் செல்லுக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த முற்றத்தைத் தாண்டி உள்ளே கட்டிலில் இருந்தார். இளைத்துப்போயிருந்தார். குரலைக் கேட்டதும், "யா அல்லா, மேடமா! எங்க வூட்டுக்கா வந்துக்கிறீங்க!" என்று எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலைமுடியைச் சரி செய்துகொண்டார், போனில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும்.

போன் வந்தது. அந்தப் பெண் வேகமாகப் பேசினாள். இவருக்கு ஆங்கிலம் படிக்க எழுத வரும், அந்தப் பேச்சு பிடிபடவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவங்க அப்பா பாடம் எல்லாத்தையும் நீங்க எடுத்துக்கலாமாம். பிரதி போடலாம், யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாமாம்."

இவர் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வேன். "பாத்தீங்களா மேடம்! நான் சொல்லல?" என்று என் முழங்காலில் தட்டினார். "ஏன் பதில் போடலைன்னு கேளுங்க. கோவமா இல்ல, சும்மா கேளுங்க."

கேட்டேன். அந்தப் பெண் சொன்னாள். ஓய்வு பெற்றதும் அவருடைய கல்லூரி மெயிலை அவர் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டார்களாம். வந்தவையெல்லாம் யாரும் பார்க்காமல் உள்ளேயே கிடந்திருக்கின்றன, அவர் இறந்த பிறகு மகள் கேட்டதும்தான் திறந்து கொடுத்திருக்கிறார்கள். இவர் மெயில் போட்ட அதே வருஷம் கல்லூரிக்காரர்கள், இந்தப் பாடங்களை யாராவது உபயோகிக்கிறார்களா, இல்லாவிட்டால் எடுத்துவிடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னார் படிக்கிறார் என்று காட்ட அப்பாவுக்கு ஒரு ஆளும் தெரியவில்லை. யாரும் படிக்கவில்லை போல என்று சொல்லி எடுக்கச் சம்மதித்துவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லையாம்.

சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த மனுஷியிடம் மறைக்க எனக்கு வாய் வராது. சொன்னேன்.

இவர் ரொம்ப மெதுவாக, "போன் நம்பரு இருந்துச்சு மேடம்" என்றார்.

"எங்க?"

"அந்தப் பக்கத்துலயே. அடியில. வூட்டு நம்பரு. நான் தெனம் பாத்துகினு இருந்தேன். வயசானவரு, போன் போட்டுத் தொந்தரவு குடுக்கலாமா, அதுக்கு யாரக் கேக்கறதுன்னு வுட்டுட்டேன்." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "ஒரு தபா போட்டிருந்தா அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கும் மேடம். இங்க அறுவது புள்ளைங்க படிக்குதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். அங்கே அந்தப் பெண், என்ன ஆயிற்று, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.